வழுநீக்கியும் தோன்றா எழுவாயும்

“வந்தான்” என்னும் வினைமுற்று ஒன்றே வாக்கியமாகி நிற்றல் தமிழின் இயல்பு. வந்தவன் இன்னான் என்பது சொல்லப்படாவிடினும் கேட்போன் அறிவான். இதனைத் தோன்றா எழுவாய் என இலக்கண நூலார் வழங்குவர். எழுவாய் தோன்றாதிருத்தல் எவ்விடத்துக் குற்றமன்று, எவ்விடத்துக் குற்றமாகும் என்னும் வினா கணினிச் செய்நிரல் எழுதுவோரையும் நெடுங்காலம் வருத்தியதொன்றாம். ஜீ.டி.பி. என்னும் வழுநீக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

நெடுந்தீவில் நிற்பவன் ஒருவன், “படகு எத்தனை மணிக்கு?” என வினவின், குறிகட்டுவானுக்குச் செல்லும் படகையே அவன் கருதினான் என்பது வெளிப்படை. அதே வினாவைக் குறிகட்டுவான் இறங்குதுறையிலே வினவின் நிலைமை வேறு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. விடை கூறுவோன் தன் மனத்திலுள்ள தீவை எண்ணிப் பொய்யில்லாத விடையையே கூறுவான். கேட்டவனோ படகைத் தவறவிடுவான். ஒன்று மாத்திரம் உள்ளவிடத்து விளங்கிய சொல், இரண்டு வந்தவிடத்து மயங்குகின்றது.

வழுநீக்கியாவது பிறிதொரு செய்நிரலைத் தன் காவலில் ஓடவிட்டு, வேண்டுமிடத்து நிறுத்தி, அதன் நினைவகத்தையும் பதிவகங்களையும், எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்தது என்னும் தொடரையும் காட்டுங் கருவி. பெயர் அவ்வாறாயினும் அது வழுவை நீக்குவதில்லை. காட்டுவதே அதன் தொழில். ஆதலின் அது பிழைபடக் காட்டின், செய்நிரலில் இல்லாத வழுவைத் தேடி வல்லோரும் நாட்கணக்கில் அலைவர்.

ஜீ.டி.பி.யை 1986 இல் றிச்சாட் ஸ்ரோல்மன் சி மொழியில் இயற்றினார். ஒரு செய்நிரல், ஒரு வகை இயந்திரம் என்பதே தொடக்கத்தில் அதன் உலகம். இயந்திரத்தின் பதிவகங்கள் எத்தனை, அவற்றின் அகலம் யாது என்பன தலைப்புக் கோப்புகளில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டன. பிற்காலத்தில் ஒரே வழுநீக்கி பலவகை இயந்திரங்களுக்கும் உதவுமாறு அவ்விவரங்கள் ஓர் அமைப்பினுள் திரட்டப்பட்டன. எனினும், “இப்போதைய இயந்திரம்” எனப் பொருள்படும் பொதுமாறி ஒன்றே அவ்வமைப்பைச் சுட்டி நின்றது. எந்தச் சார்பும் தன்னை அழைத்தவரைக் கேளாமல் அப்பொதுமாறியைப் பார்த்துக்கொள்ளும். பழைய குறுக்கெழுத்துப் பெயர்கள் அப்படியே விடப்பட்டமையால், படிப்போர் கண்ணுக்குப் பொதுமாறி தோன்றுவதுமில்லை. தோன்றா எழுவாய் என்பது இதற்கு முற்றிலும் பொருந்தும்.

2006 இல் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 3 என்னும் விளையாட்டுப் பொறியின் உள்ளே இருந்தது செல் எனும் செயலி. சொனி, தொசிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி அமைத்தது அது. பவர்பீசி வகையைச் சேர்ந்த தலைமைச் செயலி ஒன்றும், வேறு கட்டளைத் தொகுதி உடைய துணைச் செயலிகளும் ஒரே சில்லில் அமைந்தன. பவர்பீசியில் பொதுப் பதிவகங்கள் 32. துணைச் செயலியிலோ 128, ஒவ்வொன்றும் 128 பிற்று அகலம். துணைச் செயலி ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைற்று நினைவகம் தனியே உண்டு. ஒரே செய்நிரல் இரு வகையிலும் ஓடும்போது, அழைப்புத் தொடரின் ஒரு பகுதி துணைச் செயலிக்கும் மறுபகுதி தலைமைச் செயலிக்கும் உரியதாகும். ஆங்கே “இப்போதைய இயந்திரம்” யாது? தொடரின் ஒவ்வொரு படிக்கும் விடை வேறுபடும். பொதுமாறி பவர்பீசியைச் சுட்டி நிற்கத் துணைச் செயலியின் பதிவகத்தைப் படித்தால் கிடைப்பது பிழையான எண். பிழையென்று அறிவிப்பாரும் இலர்.

ஐ.பி.எம். பொறியியலாளரான உல்ரிக் வைகன்ட் முதலியோர் இதனைத் தீர்க்க மேற்கொண்ட வழி பொறுமையின் வழி. முதலில் மறைந்து நின்ற பொதுமாறியை ஒவ்வோரிடத்தும் வெளிப்பட எழுதினர். பின்னர் ஒவ்வோரிடத்திலும், “இந்தச் சார்புக்குரிய இயந்திரத்தை உண்மையில் அறிந்தவர் யார்?” என வினவினர். சில சார்புகள் அழைப்புத் தொடரின் படியொன்றை ஏற்கனவே பெற்றிருந்தன. அப்படியே தன் இயந்திரத்தைச் சொல்லும். சிலவற்றுக்குத் தரவின் வகை சொல்லும். எதுவுமற்ற சார்புக்கு இயந்திரம் பரமானமாக வெளிப்பட அளிக்கப்பட்டது. ஈற்றில் பொதுமாறி அழிக்கப்பட்டது. அழித்தபின் எங்கேனும் அதன் பெயர் எஞ்சியிருப்பின் தொகுப்பி அதனை ஏற்க மறுக்குமாகையால், எஞ்சியவற்றைத் தேடும் வேலையைத் தொகுப்பியே செய்துவிடும். 2009 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, இருவகைச் செயலிகளில் ஓடும் ஒரே செய்நிரலை ஆராய வல்லதாயிற்று.

பொதுமாறியை உடனே ஒழிக்க இயலாத இடங்களுக்கு வேறொரு முறை உண்டு. ஒரு சார்பின் உள்ளே பொதுமாறி பயின்று வரின், அதனை நீக்கிப் பரமானமொன்றை ஏற்படுத்துக. அழைக்கும் சார்பு அப்பொதுமாறியையே அப்பரமானமாக அனுப்புக. செய்நிரலின் நடத்தை எள்ளளவும் மாறாது. ஆயினும் மயக்கம் ஒரு படி மேலேறிவிட்டது. இவ்வாறே படிப்படியாக ஏற்றினால், விடை அறிந்த சார்பு ஒன்றை அது சென்றடையும். மாற்றங்கள் சிறியனவாதலின் பிழை நேரினும் எங்கே நேர்ந்தது எனக் காணல் எளிது.

இதற்கு விலையும் உண்டு. இடையிலுள்ள சார்புகள் தாம் பயன்படுத்தாத பரமானத்தையும் சுமந்து கடத்துகின்றன, வரிகள் நீளுகின்றன. அச்சுமை ஏற்கத்தக்கதே. முன்னரோ பொதுமாறியை மாற்றி, வேலை முடித்து, மீண்டும் பழையபடி வைக்கவேண்டும். இடையில் தடை நேர்ந்து வெளியேறின் பழைய நிலை திரும்பாதிருக்கும் அபாயம் எப்போதும் உண்டு.

எல்லாப் பொதுமாறியும் குற்றமுடையதென்று கொள்ளலுமாகாது. பயனர் ஒரு மாறியின் பெயரை மாத்திரம் தட்டி அதன் மதிப்பைக் கேட்கும்போது, தாம் தெரிந்தெடுத்து நிற்கும் படியையே கருதுகின்றார். அங்கே “இப்போது” என்பது உண்மையிலேயே ஒன்று. கட்டளை நுழையும் வாயிலில் அதனைப் படித்து, அப்பால் உள்ளே செல்லும் ஒவ்வொரு சார்புக்கும் வெளிப்படக் கொடுத்தலே முறை.

செல் செயலிக்கான ஆதரவு 2020 இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதன்பொருட்டுப் புகுத்திய பரமானங்கள் நீக்கப்படவில்லை. 2010 முதல் பல செய்நிரல்களையும், 2020 இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் பல இணைப்புகளையும் ஒருங்கே ஆளக் கற்ற அக்கருவியில், “இப்போதைய செய்நிரல்” என்னும் பொதுமாறியை ஒவ்வொரு படியாக மேலேற்றும் பணி பின்னரும் தொடர்ந்து வந்துள்ளது.