மூங்கில் அணத்தான்: அணிலன்று

நாயுடுபேட்டைக்கு மேற்கே, வெங்கடகிரிக்கு அப்பால் வேலிகொண்டா மலைகள் எழுகின்றன. கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட இம்மலைப் பகுதியில், சென்னை ராஜதானி அதிகாரி வால்டர் எலியட் பெற்ற ஒரு சிறு பிராணியை வாட்டர்ஹவுஸ் என்னும் விலங்கியலார் ஆராய்ந்து, 1850-இல் எலியட்டின் பெயரால் புதிய இனமாக அறிவித்தார். 1913-இல் லயன் என்பார் அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'அணத்தானா' எனப் பெயரிட்டார். 'மூங்கில் அணத்தான்' என்னும் தமிழ் வழக்கே இப்பெயருக்கு மூலம்.

அடர்ந்த வாலைக் கண்டு இதனை அணில் எனக் கொள்வோர் பலர். ஆயினும் இது கொறிக்கும் பிராணியன்று; மர மூஞ்சூறு வரிசையைச் சேர்ந்தது. இதன் மூக்கு நீண்டு கூர்மையானது. முதுகில் வரிகள் இல்லை. தோளில் வெளிர்நிறக் கீற்று உண்டு. அணிலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு உளிப்பற்களே உள்ளன, கோரைப்பல் இல்லை. அணத்தானுக்கோ மேலே 4, கீழே 6 வெட்டுப்பற்களும், கோரைப்பற்களும் உண்டு; மொத்தம் 38 பற்கள். பெரும்பாலும் தரையில் திரிந்து பூச்சிகளைத் தேடி உண்ணும்.

ஒத்த இனங்களினின்று இதனைப் பிரித்தறிய உதவியவை பெரிய காதுகளும், மண்டையோடு, பற்கள் ஆகியவற்றின் அமைப்புமே. நிறம் மட்டும் போதிய சான்றாகாது.

எனவே களப்பணியாளர் இதனை 'அணில்' என்று குறித்துவிட்டால், ஓர் இனம் அவ்விடத்தில் வாழ்வதே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். உயிருள்ளதைப் பிடித்தல் வேண்டா. மூக்கும் தோளும் தெரியப் படமெடுத்து, இடம், தேதி, தாவரச்சூழல் ஆகியவற்றைக் குறித்தல் போதும். ஆசிரியர்கள் இவ்வேறுபாடுகளை மாணவர்க்குப் படம் வரைந்து விளக்கலாம்.