ஒரே விமானம், பல விலை

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா திருச்சிக்கு வரத் தயார். ஏழு வருடங்களாகக் காணாத மகளைப் பார்க்கத்தான். இலண்டனில் மகள் கணனிக்கு முன்னால். "இன்னும் இரண்டே இருக்கைகள்" என்று திரை அவசரப்படுத்த, சேமிப்பு முழுவதையும் கட்டிவிட்டாள். பிறகுதான் விசா சிக்கல் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

எம்மவர் வீடுகளில் இது புதுக்கதை அல்ல. பிரித்தானியாவின் அகதிப் பயண ஆவணம் இலங்கை செல்ல உதவாது. ஆகவேதான் உறவுகளைத் தமிழ்நாட்டில் சந்திக்கிறோம். ஆனால் இந்தியாவின் இணைய விசா இவ்வாவணத்துக்குக் கிடையாது. சாதாரண விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் விசா, பிறகே சீட்டு.

பெயரிலும் கவனம் வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயரா, தன் பெயரா என்று எம்மில் பலர் குழம்புகிறோம். பயண ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பிழையைத் திருத்தப் பல நிறுவனங்கள் கட்டணம் கேட்கும்.

விலை ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது? தூரம் மட்டும் காரணமல்ல. பயணம் தொடங்கும் நாடு, அங்குள்ள பள்ளி விடுமுறை, அரசின் வரி எல்லாம் சேருகின்றன. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் சீட்டில் விமானப் பயணி வரி உண்டு. சாதாரண வகுப்பில் பயணிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2016 முதல் அது இல்லை. கணக்கைச் சரிபாருங்கள்.

பணம் கட்டும் வழியும் மாறுகிறது. நெதர்லாந்தில் 2005 இல் வந்த ஐடியல் முறையால் மக்கள் வங்கிக் கணக்கிலிருந்தே நேரே கட்டப் பழகினர். இந்தியாவில் 2016 இல் தொடங்கிய யூபிஐ அதைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. இங்கே அட்டைதான் வழக்கம். புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இல்லாததால் கடனட்டை இலகுவில் கிடைக்காது. அத்துடன் ஒரு பாதுகாப்பும் கைநழுவுகிறது. 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான விலையில் கடனட்டையால் வாங்கியதற்கு, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் அட்டை நிறுவனமும் பொறுப்பு. இடைமுகவர் ஊடாக வாங்கினால் இவ்வுரிமை சிலவேளை இல்லாமற் போகலாம். சாதாரண வங்கி அட்டையால் கட்டியவரும் வங்கியிடம் முறையிடலாம். ஆனால் அது சட்டம் தந்த உரிமை அல்ல.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தோன்றினால், அந்நாட்டு நாணயத்தில் கட்டுவதற்கு உங்கள் வங்கி எவ்வளவு அறவிடும் என்று பாருங்கள். பவுணாக மாற்றித் தருகிறோம் என்று தளமே சொன்னால், அதன் மாற்று வீதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்.

தெரிந்த கடைக்காரரிடம் வாங்குவதிலும் தவறில்லை. விமானத்துடன் தங்குமிடமும் சேர்த்து விற்றால், 1973 முதல் நடைமுறையிலுள்ள அற்றோல் திட்டத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். விற்றவர் முறிந்துபோனால் அதுவே உங்கள் பிடி.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம் இது. திரை அவசரப்படுத்தட்டும். நாம் ஒருநாள் பொறுத்து, ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளையை அருகில் இருத்தி, நிபந்தனைகளை வாசித்த பின் கட்டுவோம்.