ஃபாரன்சிக் சயின்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா? ஃபீஸ் கட்டும் முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



"பொண்ணு ஃபாரன்சிக் படிக்கணும்னு அடம் பிடிக்கிறா. தனியார் காலேஜ்ல வருஷத்துக்கு 2 லட்சம் கேட்கிறாங்க. லோன் போடலாமா?" பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே பெற்றோர்கள் இப்படிக் கேட்க ஆரம்பிச்சிடுறாங்க. ஆர்வத்துல தப்பே இல்ல. ஆனா லோன் ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சில விஷயங்களைப் பார்த்துடுவோம்.

தேவை நிஜமாவே கூடுது

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கு. 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா, தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய் ஆதாரம் சேகரிக்கணும். இதை முழுசா கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் வரை அவகாசம் இருக்கு. ஆய்வகங்களை விரிவாக்க மத்திய அமைச்சரவை 2024 ஜூன்ல 2,254.43 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

ஆனா ஒண்ணு. "ஆள் தேவை" வேற, "போஸ்டிங் போட்டாச்சு" வேற. இந்தத் துறையில பெரிய முதலாளி அரசாங்கம்தான். அறிவிப்பு வந்தாத்தான் வேலை.

யார் வேலைக்கு எடுக்கிறாங்க?

- தமிழ்நாடு தடய அறிவியல் துறை: தலைமையகம் சென்னை மயிலாப்பூர்ல இருக்கு. இளநிலை அறிவியல் அலுவலர் மாதிரியான பதவிகளை டிஎன்பிஎஸ்சி நிரப்புது.
- விரல்ரேகைப் பிரிவு: இது காவல்துறைக்குக் கீழ வருது. விரல்ரேகை எஸ்ஐ பதவிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துது.
- மத்திய தடய அறிவியல் ஆய்வகங்கள்: ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர், போபால், புனே, குவஹாத்தியில் இருக்கு. இங்க இளநிலை அறிவியல் அதிகாரி பதவி லெவல் 7. ஏழாவது ஊதியக்குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அகவிலைப்படி எல்லாம் தனி.

எந்த டிகிரி? இங்கதான் பணம் மாட்டிக்குது

நிறைய பதவிகளுக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல்னு பாடத்தின் பெயரைச் சொல்லியே டிகிரி கேட்பாங்க. மேல் பதவிகளுக்கு முதுநிலைப் பட்டமும் அனுபவமும் வேணும். உங்க டிகிரி பெயர் அறிவிப்புல இல்லைன்னா, அது இணையானதுன்னு காட்ட அரசாணை தேடி அலையணும். மூணு வருஷம் படிச்சு முடிச்சிட்டு இதைத் தெரிஞ்சுக்கிறது ரொம்ப லேட்.

லோன் கணக்கு

வருஷம் 2 லட்சம் வீதம் 6 லட்சம் கடன், வட்டி 10.5%னு வெச்சுக்குவோம். படிக்கிற 3 வருஷமும் அடுத்த 1 வருஷமும் தவணை கிடையாது, ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். தனிவட்டியாப் பார்த்தாலே சுமார் 1.89 லட்சம் சேர்ந்திடும். மொத்தம் 7.89 லட்சம். இதை 7 வருஷத்துல அடைச்சா மாசம் ஏறக்குறைய 13,300 ரூபாய் இஎம்ஐ. முழுசா கட்டி முடிக்கும்போது 11 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

முதல் வேலை 20,000 ரூபாய் சம்பளத்துல கிடைச்சா, மூணுல ரெண்டு பங்கு இஎம்ஐக்கே போயிடும். மீதியில ரூம் வாடகை, சாப்பாடு, தேர்வுக்கான கோச்சிங் எல்லாம் எப்படி? கடைசியில சுமை அப்பா அம்மா சேமிப்பு மேலதான் விழும்.

செலவு குறைவான வழி

அரசு கலை அறிவியல் கல்லூரியில பி.எஸ்சி வேதியியல் படிச்சா வருஷக் கட்டணம் சில ஆயிரங்கள்லயே முடிஞ்சிடும். அதுக்கப்புறமும் ஆர்வம் குறையலைன்னா எம்.எஸ்சி தடய அறிவியல் போகலாம். காந்திநகர்ல இருக்கிற தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமும் ஒரு நல்ல வாய்ப்பு.

இதுல இன்னொரு லாபம் இருக்கு. விஷம் கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கிற எச்பிஎல்சி, ஜிசி கருவிகளைத்தான் மருந்து கம்பெனிகளும் உணவுப் பரிசோதனை ஆய்வகங்களும் பயன்படுத்துறாங்க. அரசு அறிவிப்பு வர்ற வரைக்கும் அங்க வேலை பார்க்கலாம். சம்பளமும் வரும், கையும் பழகும்.

கம்ப்யூட்டர்ல ஆர்வம் இருக்கிறவங்களுக்கு டிஜிட்டல் தடய ஆய்வு இருக்கு. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ்ல நிபுணரும் கையெழுத்துப் போடணும். வங்கி மோசடி விசாரணை, ஃபாரன்சிக் ஆடிட் பண்ற நிறுவனங்களும் இந்தத் திறமை உள்ளவங்களை எடுக்கிறாங்க. அரசு வேலையை மட்டுமே நம்பி உட்கார வேண்டியதில்ல.

ஃபீஸ் கட்டும் முன் 3 செக்

1. டிஎன்பிஎஸ்சியும் சீருடைப் பணியாளர் வாரியமும் இந்தப் பதவிகளுக்குக் கடைசியா விட்ட அறிவிப்புகளை டவுன்லோட் பண்ணி, கல்வித் தகுதி, வயது வரம்பு ரெண்டையும் வரி வரியா படிங்க.
2. காலேஜ்ல "100% பிளேஸ்மெண்ட்"னு சொன்னா, போன வருஷம் முடிச்சவங்க எந்த ஆய்வகத்துல, என்ன பதவியில இருக்காங்கன்னு கேளுங்க. ஆய்வகத்தையும் நேர்ல போய்ப் பாருங்க.
3. கான்ட்ராக்ட் வேலை வந்தா, சம்பளமா தர்றாங்களா, ப்ரொஃபஷனல் ஃபீஸா தர்றாங்களான்னு பாருங்க. ஃபீஸ்னா பிஎஃப் கிடையாது, டிடிஎஸ் பிடிப்பாங்க. அனுபவச் சான்றிதழ் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஏற்கெனவே லோன் போட்டுட்டீங்களா? பழைய வருமான வரி முறையில கல்விக்கடன் வட்டிக்கு 8 வருஷம் வரை கழிவு உண்டு, புதிய முறையில கிடையாது. முடிஞ்சா தவணை ஆரம்பிக்கிற வரைக்கும் வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிடுங்க. மேல சொன்ன கணக்குல இஎம்ஐ 10,100 பக்கம் இறங்கிடும்.

பிள்ளைங்க ஆசைக்குத் தடை போட வேண்டாம். அந்த ஆசைக்குப் போற வழியில பெரிய கடன் இல்லாம பார்த்துக்கிட்டாலே போதும். இந்த இஎம்ஐ கணக்கை எக்ஸெல்ல எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவில் பாருங்க. உங்க வீட்டுல இந்தப் பேச்சு ஓடிட்டிருந்தா, கேட்கிற ஃபீஸ் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க, சேர்ந்தே கணக்குப் பார்த்துடலாம்.