உங்கள் பெயரில் பிடியாணை இருக்கிறதா?

வல்வெட்டித்துறையில் ஒருவரின் பெயரில் வாறண்டு இருக்கும் செய்தி பெரும்பாலும் அயலெல்லாம் தெரிந்தபிறகுதான் அவர் காதுக்கு வரும். பொலிஸ்காரர் படலையில் நின்று பெயரை விசாரித்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள். வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பித்தவர், அது வராமல் இழுபடும்போது விசாரித்து அறிவார். சிலருக்குக் கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டை நீட்டும்போதுதான் தெரியும்.

முன்கூட்டியே அறிய வழி உண்டு. ஆனால் கைபேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கிற வழி அல்ல. அமெரிக்காவின் பல சிறிய மாவட்டங்களில் ஷெரிப் அலுவலகமே பிடியாணை உள்ளவர்களின் பெயர்களை இணையத்தில் போட்டுவிடும். இந்தியாவில் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரரின் பெயரைக் கொடுத்துக் கீழ் நீதிமன்ற வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கலாம். இலங்கையில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. நீதவான் நீதிமன்றப் பிடியாணைகளுக்கு அப்படியொரு பொதுப் பட்டியல் இல்லை. வழக்கேடு பதிவகத்தில் இருக்கும், பிடியாணை பொலிஸ் நிலையத்தில் இருக்கும், ஆளுக்கு இரண்டும் தெரியாது.

இதே நாட்டில் வேறொரு பட்டியல் மட்டும் அச்சாகி வெளிவருகிறது. 2014 மார்ச்சில் ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் அரசாங்கம் வர்த்தமானியில் வெளியிட்டது. பிற்பாடு நீக்கியும் சேர்த்தும் வந்து, 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளையும் 316 பேரையும் பட்டியலில் இருந்து எடுத்தது. அது சொத்து முடக்கத்துக்கான பட்டியல், பிடியாணைப் பட்டியல் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆனாலும் பயங்கரவாதத் தொடர்பு என்று அரசு சொல்லும் ஒருவர் தன் பெயரை வர்த்தமானியில் தேடிப் பார்க்கலாம் என்பதும், மோட்டார் சைக்கிள் வழக்கில் தவணை தவறியவர் தேடிப் பார்க்க இடமில்லை என்பதும் விசித்திரம்தான்.

பார்க்க முடியாதென்றாலும் பட்டியல் இல்லாமல் இல்லை. இலங்கைத் தமிழரின் புகலிட வழக்குகளில் பிரித்தானிய மேல் தீர்ப்பாயம் 2013இல் வழங்கிய வழிகாட்டித் தீர்ப்பு அதை வெளிப்படையாகச் சொல்கிறது: நீதிமன்றக் கட்டளையோ பிடியாணையோ நிலுவையில் உள்ளவர்களின் பெயர்கள் விமான நிலையக் கணினியில் ஒரு தடுப்புப் பட்டியலில் இருக்கின்றன, அதில் உள்ளவர் இறங்கியதும் நிறுத்தப்பட்டு உரிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்படுவார். சித்திராப் பௌர்ணமி இந்திரவிழாவுக்கோ தைப்பொங்கல் பட்டப் போட்டிக்கோ லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வருகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் யோசிக்கவேண்டிய விசயம் இது. பழைய வழக்கு ஒன்று இருந்ததாக நினைவிருந்தால் முதலில் ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு வழக்கேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்தால் சகோதரர் காணியை விற்கலாம். எதிரிக்கூண்டில் உங்களுக்காக ஏறமுடியாது.

பிடியாணை வருவதற்குப் பெரிய குற்றம் செய்திருக்கத் தேவையில்லை. போக்குவரத்துப் பொலிஸார் எழுதித்தரும் தண்டப்பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டினால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது. அது தவறினால் 28 நாள் வரை இரட்டிப்பாகக் கட்டவேண்டும். அதற்கும் பிறகு வழக்கு. அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போகும். வீட்டில் ஆள் இல்லை. தவணை அன்று பெயர் கூப்பிடும்போது பதில் இல்லை. நீதவான் பிடியாணை பிறப்பிப்பார். இடம்பெயர்வும் வெளிநாடும் கலந்த வடமராட்சியில் விலாசம் மாறாத குடும்பம் எத்தனை?

தாபரிப்பு வழக்குகள் இன்னொரு வகை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கட்டளையிட்ட பணத்தைக் கட்டாமல் விட்டால் அதை அறவிடப் பிடியாணை வரும். நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். இந்த இடத்தில் எனக்கு இரக்கம் பிள்ளைகளோடு கோட்டு வாசலில் நிற்கும் பெண்கள் பக்கம்தான். பிடியாணையை நிறைவேற்றாமல் ஆறப்போடும்போது பாதிக்கப்படுவது அவர்கள். அப்படி நடந்தால் அடுத்த தவணையில் நீதவானிடமே சொல்லுங்கள். பொலிஸாரிடம் அறிக்கை கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மறந்துவிடுகிற இன்னொருவர் பிணையாளி. "சித்தப்பா, ஒருக்கா வந்து கையெழுத்து வையுங்கோ" என்று கூட்டிக்கொண்டுபோன பெறாமகன் படகேறியோ விமானம் ஏறியோ போய்விட்டால், சரீரப் பிணையில் எழுதிய தொகைக்குச் சித்தப்பாதான் பதில் சொல்லவேண்டும். தொகையை ஏன் அறவிடக்கூடாது என்று நீதிமன்றம் கேட்கும். கட்டாவிட்டால் அவரே சிறைக்குப் போகவும் நேரும். பிணை நின்ற எவரும் தவணைத் திகதியைத் தன் கலண்டரிலும் குறித்து வைக்கவேண்டும்.

பலர் நம்பியிருப்பதுபோலப் பிடியாணை காலாவதியாவதில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அது நிறைவேற்றப்படும்வரை அல்லது பிறப்பித்த நீதிமன்றமே அதை நீக்கும்வரை உயிரோடு இருக்கும். ஆள் தலைமறைவு என்று கண்டால் நீதிமன்றம் பிரகடனம் செய்து சொத்தைக் கைப்பற்றவும் கட்டளையிடலாம். சில நிலைமைகளில் ஆள் இல்லாமலே விளக்கத்தை நடத்தவும் சட்டம் இடம்தருகிறது. திறந்த பிடியாணை என்றால் நாட்டின் எந்தப் பொலிஸ் நிலையத்தாரும் பிடிக்கலாம். இரவு நேரச் சுற்றிவளைப்புகளில் போதைப்பொருள்காரரோடு சேர்த்து எண்ணப்படுகிறவர்களில் இப்படித் தவணை தவறியவர்களும் இருப்பார்கள்.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? வல்வெட்டித்துறைப் பொலிஸார் தாக்கல் செய்யும் வழக்குகள் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் சம்பவம் நடந்த இடமே முக்கியம். யாழ்ப்பாண நகரத்தில் நடந்த விபத்து யாழ்ப்பாணத்துக்கும், தென்மராட்சியில் நடந்தது சாவகச்சேரிக்கும், வலிகாமம் வடக்கில் நடந்தது மல்லாகத்துக்கும் போயிருக்கும். பதிவகத்தில் முதலில் கேட்பது வழக்கு இலக்கம். பழைய அழைப்பாணை, பிணைப் பற்றுச்சீட்டு, தண்டப்பத்திரம் என்று எது கையில் இருந்தாலும் எடுத்துப் போங்கள். இலக்கம் இல்லையென்றால் பொலிஸ் நிலையத்தின் பெயர், சம்பவத் திகதி, அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் வேண்டும். பிடியாணை இருக்கும் என்று சந்தேகமிருந்தால் நீங்கள் நேரே போகாமல் சட்டத்தரணி மூலம் பார்ப்பதே புத்தி. அவர் வழக்கேட்டைத் திறந்தால் எந்தத் தவணையில் என்ன கட்டளை என்பது வரிசையாக எழுதியிருக்கும். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அது யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் நீதிமன்றங்களும் பகிரங்க அதிகாரசபைகள்தான். 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்லவேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். ஆனால் குற்றவாளிகளைப் பிடிப்பதற்கு இடைஞ்சல் என்று சொல்லி மறுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பிறருடைய பிடியாணையை அறிய இந்தப் பாதை உதவாது. உங்களுடையதை அறியப் பதிவகமே விரைவு.

பெயர்ப் பட்டியலை இணையத்தில் போடு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாலு குறிச்சிக்குள் எல்லாரும் சொந்தக்காரராய் இருக்கும் ஊரில், தண்டப்பணம் கட்ட மறந்தவரின் பெயர் வெளியே வந்தால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பும். ஒரே பெயரில் இன்னொருவர் இருந்தால் சொல்லவே வேண்டாம். கேட்கவேண்டியது, அடையாள அட்டையைக் காட்டி அவரவர் தன்னுடையதைப் பார்க்கும் வசதி.

பிடியாணை இருப்பது உறுதியானால் ஒளிக்காதீர்கள். சட்டத்தரணி ஒரு மோசன் போட்டு வழக்கை மேசைக்கு எடுப்பித்து உங்களை முற்படுத்துவார். வாரத்தின் முற்பகுதியில், காலையிலேயே போவது நல்லது. வராமல் விட்டதற்கான காரணத்தைக் காட்டும் கடதாசிகள், வைத்தியசாலைத் துண்டோ கடவுச்சீட்டு முத்திரையோ, கையில் இருக்கட்டும். பிணையாளிகள் கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தலோடு கூடவே வரட்டும். தானாக வந்தவரையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் நீதவான் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வெள்ளி பின்னேரம் பொலிஸார் பிடித்தால் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்துவார்கள். வழக்கேடு பூட்டிய பதிவகத்தில் இருக்கும். திங்கள் வரை விளக்கமறியலில் இருக்க நேரலாம்.

வீட்டுக்கு வந்துவிட்டார்களா? பிடியாணையில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவர்கள் கடமை. காட்டச் சொல்லிக் கேட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 53ஆம் பிரிவின்படி அதையோ அதன் பிரதியையோ காட்டவேண்டும். தகப்பன் பெயர், விலாசம், வழக்கு இலக்கம் மூன்றையும் பாருங்கள். முதலெழுத்தும் ஒரு பெயருமாக வாழும் நமக்குள் ஆள்மாறாட்டம் எளிது. பிணை முறி எழுதிக்கொண்டு விடலாம் என்ற குறிப்பு சில பிடியாணையிலேயே இருக்கும், அதையும் தேடுங்கள். பிடியாணை இல்லாமல் கைதுசெய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். பிடியாணையோடு என்றால் தேவையற்ற தாமதமில்லாமல். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டுப் பொலிஸ் விதிகளின்படி உங்கள் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வரலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் அல்ல. வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த சித்தங்கேணி இளைஞர் ஒருவர் 2023 நவம்பரில் உயிரிழந்ததை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. யார் எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை வீட்டார் உடனே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். அடி விழுந்தால் நீதவானிடம் சொல்லவேண்டும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இலக்கத்தில் அழைக்கவேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதமே உண்டு. அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்யப் பிடியாணையே வேண்டியதில்லை. ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டிய கடமை இருக்கிறது.

கோட்டு வாசலில் "வாறண்டை நான் எடுத்துத்தாறன்" என்று காசு கேட்பவர்களை நம்பவேண்டாம். பிறப்பித்த நீதிமன்றத்தைத் தவிர வேறெவராலும் அதை நீக்கமுடியாது. கேட்பவர் அரச ஊழியர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

நீக்கியபிறகும் ஒரு வேலை பாக்கி. கட்டளை வழக்கேட்டில் விழுந்தாலும் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச்சேரத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் இரண்டாம் முறை பிடிபடுவதுண்டு. மீளப்பெற்ற கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவகத்தில் விண்ணப்பித்து வாங்கி, ஒன்றைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பயணத்தடையும் போட்டிருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பிடியாணையோடு சேர்ந்து அது தானாகப் போய்விடும் என்று எண்ணிக்கொண்டு பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.