கூட்டமாகப் போனால் கண்ணில் படாது

கான்வாய் என்றதும் நமக்கு அமைச்சரின் காரும் அதன் முன்னும் பின்னும் பறக்கும் வண்டிகளும்தான் நினைவுக்கு வரும். கடலில் அது வேறு. அங்கே காவல் பெறுவது கோதுமையும் எண்ணெயும் ஏற்றிய சாதாரணச் சரக்குக் கப்பல்கள்.

முதல் உலகப்போரில், 1917 ஏப்ரலில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலுக்கடியில் போயின. பெரும்பாலும் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் கைவரிசை. அப்போதும் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை கான்வாய்க்குத் தயங்கியது. எல்லாக் கப்பலையும் ஓரிடத்தில் சேர்த்தால் எதிரிக்கு விருந்து வைத்ததாகாதா?

ஆகாது. அன்றைய நீர்மூழ்கி நீர்மட்டத்தை ஒட்டியே நின்று பார்த்தது; சில மைல்களுக்கு மேல் அதற்குத் தெரியாது. 40 கப்பல்கள் தனித்தனியே போனால் 40 இடங்களில் புகை எழும். சேர்ந்து போனால் அந்தப் பெருங்கடலில் ஒரே இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். தப்பித் தவறிக் கண்டுவிட்டாலும், டார்பிடோ விட்ட மறுநிமிடமே காவல் கப்பல்கள் அதன் தலைக்கு மேல் நிற்கும். மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய சோதனைக் கான்வாய் ஒரு கப்பலையும் இழக்காமல் பிரிட்டன் சேர்ந்தது.

இரண்டாம் உலகப்போரில் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு கணக்குப் போட்டது. (நேருவுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொன்ன அதே பிளாக்கெட்தான்.) காவல் நிற்பது விளிம்பில். கப்பல்கள் 40-லிருந்து 80 ஆனாலும் அந்த விளிம்பு ஏழில் ஒரு பங்குதான் நீளும். வயல் இரண்டு மடங்கானாலும் வேலிச் செலவு இரண்டு மடங்காவதில்லை என்பது விவசாயிக்குத் தெரிந்த கணக்கு. கடற்படைக்குப் புரியத்தான் ஒரு இயற்பியலாளர் தேவைப்பட்டார். 1944-இல் எச்எக்ஸ் 300 என்ற கான்வாயில் 160-க்கு மேற்பட்ட கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. எதிரியால் ஒன்றுகூட மூழ்கவில்லை.

கூட்டம் கலைந்தால் என்னாகும்? 1942 ஜூலையில் சோவியத் நாட்டுக்கு 35 கப்பல்களுடன் பிக்யூ 17 கான்வாய் ஆர்க்டிக் கடல்வழியே போய்க்கொண்டிருந்தது. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பாய வருகிறது என்றஞ்சிய லண்டன் தலைமையகம், 4-ஆம் தேதி இரவு, கலைந்து போகச் சொன்னது. காவல் கப்பல்களும் விலகின. தனியே அகப்பட்டவற்றை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாக வேட்டையாடின. அந்தக் கான்வாயில் மொத்தம் 24 கப்பல்கள் மூழ்கின. டிர்பிட்ஸ் அவற்றின் மீது ஒரு குண்டுகூடச் சுடவில்லை.