மருத்துவக் காப்பீடு: மாறியுள்ள விதிகளும் நோயாளரின் உரிமைகளும்

நம்மில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்த பின்னரே அதனைப் பிரித்துப் படிக்கிறோம். அந்நேரத்தில் மனம் நோயாளியின் மீதே இருக்கும். விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிதானம் இருக்காது. கடந்த சில ஆண்டுகளில் இவ்விதிகள் பல, நோயாளருக்கு நன்மை தரும் வகையில் மாற்றப்பட்டுள்ளன. ஆயினும் உரிமை இருப்பதை அறியாதவர் அதனைக் கேட்டுப் பெற இயலாது. எனவே நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டிய மாற்றங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

விதிகளை வகுப்பவர் யார்?

தனியார் நிறுவனமாயினும் பொதுத்துறை நிறுவனமாயினும், மருத்துவக் காப்பீடு விற்கும் அனைத்தும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. இவ்வாணையத்தின் புதிய காப்பீட்டுத் திட்ட விதிமுறைகள் 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அதனைத் தொடர்ந்து 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீட்டுக்கென விரிவான சுற்றறிக்கை ஒன்றும் வெளியிடப்பட்டது. மருத்துவமனைகளோ மாநில அரசின் சட்டத்திற்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் 2018இல் வகுக்கப்பட்ட விதிகளும் நடப்பில் உள்ளன. இவ்விரண்டு ஏற்பாடுகளும் சந்திக்கும் இடமே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு.

ஒரு மணி நேரமும் மூன்று மணி நேரமும்

'கேஷ்லெஸ்' எனப்படும் பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கை கிடைத்த ஒரு மணி நேரத்திற்குள் காப்பீட்டு நிறுவனம் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மருத்துவமனையிடமிருந்து இறுதிக் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்திற்குள் இறுதி அனுமதி அளிக்க வேண்டும். இக்காலவரம்பைக் கடந்ததனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதிக்க நேர்ந்தால், அதனை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும், நோயாளியிடம் வசூலிக்கலாகாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுவது எங்கள் கடமை. மூன்று மணி நேரம் என்பது, 'நாளை வீட்டிற்குப் போகலாம்' என்று மருத்துவர் கூறிய நொடியிலிருந்து கணக்கிடப்படுவதன்று. அதன்பின் சிகிச்சைச் சுருக்கம் எழுதப்பட வேண்டும். மீந்த மருந்துகள் மருந்தகத்தில் திருப்பித் தரப்பட வேண்டும். ஆய்வக முடிவுகள் சேர்க்கப்பட்டு இறுதிக் கட்டணச் சீட்டு ஆயத்தமாக வேண்டும். இவையனைத்தும் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். முந்தைய பகுதி மருத்துவமனையின் பொறுப்பு. பிந்தைய பகுதி காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே காத்திருக்கும் குடும்பத்தார் காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி, "இறுதிக் கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது?" என்பதே. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால், தாமதம் எங்கே என்பது தெளிவாகிவிடும்.

சிகிச்சையின்போது நோயாளி உயிரிழக்க நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை உடனடியாகத் தீர்த்து, உடல் தாமதமின்றிக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட வழிசெய்ய வேண்டும் என்றும் அச்சுற்றறிக்கை கூறுகிறது. துயரத்தில் இருப்போர் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

முன்பே உள்ள நோய்கள்

நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, தைராய்டு போன்ற நோய்கள் காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்தால், அவற்றுக்கான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு இது அதிகபட்சம் 48 மாதங்களாக இருந்தது. இப்போது 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. சில திட்டங்களில் இதனினும் குறைவாக இருக்கலாம்.

மற்றொரு மாற்றம் இதனினும் முக்கியமானது. தொடர்ச்சியாக 60 மாதங்கள் காப்பீட்டில் இருந்த ஒருவரின் கோரிக்கையை, 'பழைய நோயை விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை' என்ற காரணம் காட்டி மறுக்க இயலாது. மோசடி நிறுவப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். இக்காலவரம்பு முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்தது. எடுத்துக்காட்டாக, 2020 ஏப்ரலில் காப்பீடு எடுத்து இடைவெளியின்றிப் புதுப்பித்து வந்தவருக்கு 2025 ஏப்ரலிலேயே இப்பாதுகாப்பு கிட்டிவிடுகிறது. இடையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் உயர்த்திய நாளிலிருந்து 60 மாதங்கள் கணக்கிடப்படும்.

இதனை, 'நோயை மறைத்தாலும் குற்றமில்லை' என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். முதல் ஐந்தாண்டுகளுக்குள் மறைத்தது தெரியவந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம்; காப்பீடே நீக்கப்படலாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளில் இச்சிக்கலைச் சந்திப்பதைவிட, விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளவாறு எழுதி, காத்திருப்புக் காலத்தை ஏற்றுக்கொள்வதே நன்று. முகவர் நிரப்பிய படிவமாயினும், கையொப்பமிடுமுன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆவணம் கைக்கு வந்த பின்னும், அதனை ஆராய்ந்து வேண்டாமெனில் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு.

முதியோருக்கு

65 வயதைக் கடந்தவர்களுக்கும் பொருந்தும் திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது புதிய விதிகளின் போக்கு. முந்தைய ஆண்டுகளில் கோரிக்கை வைத்தார் என்பதற்காக ஒருவரின் புதுப்பித்தலை மறுக்கவும் இயலாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்த வேண்டுமாயின், நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது.

2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்டது. ரூ.25,000 பிரீமியத்திற்கு முன்பு வரியாக ரூ.4,500 சேர்த்து ரூ.29,500 செலுத்த வேண்டியிருந்தது. அந்த வரி இப்போது இல்லை. தொழிலாளர்களுக்காக நிறுவனங்கள் எடுக்கும் குழுக் காப்பீட்டிற்கு இவ்விலக்கு பொருந்தாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுவோர் பலர் குழுக் காப்பீட்டையே நம்பியிருப்பவர்கள். பணி ஓய்வோடு அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். நோய்கள் பெருகும் வயதில்தான் கையில் காப்பீடு இல்லாத நிலை நேர்கிறது. ஆகவே ஓய்வுக்கு முன்பே, அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டிற்கு மாறும் வழியைக் கேட்டறியுங்கள். அவ்வாறு மாறுகையில், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை

காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் பணமில்லாச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டைப் பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது. மருத்துவமனை குறைந்தது 15 படுக்கைகள் கொண்டதாகவும், மாநிலச் சட்டப்படி பதிவு பெற்றதாகவும் இருத்தல் வேண்டும். திட்டமிட்ட சிகிச்சையாயின் 48 மணி நேரத்திற்கு முன்பும், அவசரச் சிகிச்சையாயின் சேர்ந்த 48 மணி நேரத்திற்குள்ளும் நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் இதனை ஏற்பது அதன் விதிகளுக்கு உட்பட்டது. கட்டண விகிதம் குறித்து நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவ்வப்போது கருத்து வேறுபாடு எழுவதும் உண்டு. ஆதலால், சென்ற ஆண்டு இருந்த வசதி இவ்வாண்டும் இருக்கும் என்று கொள்ளாமல், சேர்வதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறை வாடகையில் மறைந்துள்ள செலவு

"அனுமதி கிடைத்தும் கையிலிருந்து ஏன் கட்ட வேண்டும்?" என்பது எங்கள் காப்பீட்டுப் பிரிவில் அடிக்கடி எழும் வினா. பெரும்பாலும் விடை அறை வாடகையில் இருக்கிறது. உங்கள் காப்பீட்டில் ஒரு நாள் வாடகை வரம்பு ரூ.5,000 என்று கொள்வோம். நீங்கள் ரூ.10,000 அறையைத் தேர்ந்தால், வேறுபாடான ரூ.5,000 மட்டுமே உங்கள் பொறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியளவே நிறுவனம் ஏற்கும். மருந்துகள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திற்கும் இவ்விகிதக் கழிவு பொருந்தாது என்பது ஆணையத்தின் விதி. எனவே அறையைத் தேர்வதற்கு முன் உங்கள் வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசின் காப்பீட்டுத் திட்டங்கள்

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்டு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெற்று வருவது, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு இத்திட்டம் நீட்டிக்கப்பட்டபோது, ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000 என்பதிலிருந்து ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு வருமானம் மிகுதி என்று விலக்கப்பட்ட குடும்பங்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பு இல்லை.

குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தை அணுக வேண்டும். நம் பகுதியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்பத்தூர், மதுரவாயல் வட்டங்கள் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தவை, ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. குடும்ப அட்டையில் உள்ள வட்டத்தைப் பார்த்துச் சென்றால் வீண் அலைச்சல் மிஞ்சும். ஒரு மருத்துவமனை இத்திட்டத்தில் இருந்தாலும் எல்லாச் சிகிச்சைகளுக்கும் அங்கே அனுமதி இருக்கும் என்பதில்லை. உங்களுக்குரிய சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சாலை விபத்துகளுக்குத் தனி ஏற்பாடுகள் உள்ளன. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மத்திய அரசும் 2025 மே மாதம் ஏழு நாள்கள் வரை ரூ.1.5 லட்சம் அளவிலான திட்டத்தை அறிவித்துள்ளது. பெங்களூரு நெடுஞ்சாலையிலோ மதுரவாயல் புறவழிச்சாலையிலோ ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், 'பணம் யார் கட்டுவது?' என்று தயங்கி நிற்கத் தேவையில்லை. 108ஐ அழையுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்பைத் தனியொரு அலுவலர் முடிவு செய்ய இயலாது. நிறுவனத்தின் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மறுப்புக் கடிதத்தில், காப்பீட்டு ஒப்பந்தத்தின் எந்த விதியின்படி மறுக்கப்படுகிறது என்பது குறிப்பிடப்பட வேண்டும். வாய்மொழியாக வரும் மறுப்பை ஏற்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதற்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது. இரண்டாவதாக, ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ முறையிடலாம். முப்பது நாள்களுக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவளிக்காவிட்டாலும், ஓராண்டிற்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டிற்கான அலுவலகம் சென்னை, தேனாம்பேட்டை, அண்ணாசாலையில் உள்ளது. ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பை நிறுவனம் 30 நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.5,000 வீதம் முறையீட்டாளருக்குச் செலுத்த வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

1. காப்பீட்டு அட்டை, ஆதார், முந்தைய ஆண்டுகளின் புதுப்பித்தல் ரசீதுகள். தொடர்ச்சியை நிறுவ இவையே சான்று.

2. காப்பீட்டு நிறுவனம் தரும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்'. வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம், விலக்குகள் யாவும் இதில் எளிய நடையில் இருக்கும்.

3. முந்தைய சிகிச்சைச் சுருக்கங்கள், மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள்.

4. ஒன்றுக்கு மேற்பட்ட காப்பீடுகள் இருந்தால் அவை அனைத்தின் விவரம். முதலில் எதனைப் பயன்படுத்துவது என்பதைத் தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது.

5. புதுப்பிக்க வேண்டிய நாள். வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆண்டுப் பிரீமியத்திற்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டெனினும், அந்த இடைவெளியில் நேரும் நோய்க்குப் பாதுகாப்பு கிட்டாமற் போகலாம்.

இவ்விதழைப் படித்து முடித்ததும், வீட்டிலுள்ள காப்பீட்டு ஆவணத்தை எடுத்து, வாடகை வரம்பையும் புதுப்பிக்கும் நாளையும் மட்டுமேனும் பார்த்துவிடுங்கள். அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். நோயாளியாகப் படுத்திருப்பவர் எழுந்து வந்து தேடித்தர முடியாது அல்லவா?