சுமையெல்லாம் சிலுவை அல்ல



இந்தக் கொருக்குப்பேட்டையில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை நடந்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி முதுகு போனவருக்கும், கால்வாய்க் கரையில் குடிசையை இழந்தவருக்கும் ஓர் ஆறுதல் சொல்லப்படும்: “இது ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்.” துன்பத்தை ஏற்பது கிறித்தவத்தின் நடுநாயகம், அதை நாம் மறுக்கவில்லை. எந்தத் துன்பத்தை என்றுதான் கேட்கிறோம்.

சிலுவைப் பாதையின் 14 நிலைகளில் ஐந்தாவதை நினைத்துப் பாருங்கள். வழியே போன சிரேன் ஊர் சீமோனைப் படைவீரர்கள் பிடித்து, இயேசுவின் சிலுவையை அவர் தோளில் ஏற்றுகிறார்கள். மரம் ஒன்றுதான். இயேசுவுக்கு அது தம் சொல்லுக்கும் செயலுக்கும் கொடுத்த விலை. சீமோனுக்கு அது கட்டாய வேலை. பிறப்பைக் காட்டி நம்மேல் ஏற்றியதும் கட்டாய வேலைதான். மரணத்தை ஏற்ற அதே இயேசு, விசாரணையில் காவலன் அறைந்தபோது ஏன் அடித்தாய் என்று காரணம் கேட்டார் என்கிறது யோவான் நற்செய்தி. அறையை வாங்கிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை.

அப்படியானால் தியாகம் எது? நட்டாலத்தில் 1712-ல் பிறந்த தேவசகாயம் உயர்சாதியினர், அரண்மனைச் சேவகர். கிறித்தவரான பிறகு, சாதி கடந்து எல்லோரும் சமம் என்று பேசினார். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் சேர்க்கவில்லை. கையில் இருந்த மேன்மையை விட்டவர் அவர். தியாகம் என்ற சொல் முதலில் மேன்மை உள்ளவர்களைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது. கல்லறையில்கூடத் தனி இடம் கேட்கும் கிறித்தவர்கள் விட வேண்டியது அதைத்தான்.

இன்னொருவர் நமக்குப் பக்கத்து ஆள். ரத்தன் பஜார் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை. சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை தந்தது. ஆதிதிராவிடரான சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறித்தவர். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985 செப்டம்பர் 30-ல் மனு தள்ளுபடியானது. அந்த ஆணையில் சீக்கியர்கள் 1956-லும் பௌத்தர்கள் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி தரவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. கிறித்தவ தலித்துகள் இன்னும் வெளியேதான்.

சூசை தன் விசுவாசத்தை விடவில்லை, உரிமையையும் விடவில்லை. அவர் வழக்குப் போட்டதை விசுவாசக் குறைவு என்று யார் சொல்வார்? நீதி கேட்டு நடக்கும்போது வரும் துன்பத்தை நாம் சிலுவை என்று ஏற்போம். சாதி தரும் துன்பத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டோம்.